நாரி நோவும் மின்சாரப் பெட்டியும்

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் கூடிய குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உங்களுக்கென்று இருக்கிற நாள். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இன்று பேசப்போவது இடுப்பு வலியைப் பற்றியும், அதற்கு மின்சாரத்தால் நரம்பைத் தூண்டுகிற வைத்தியத்தைப் பற்றியும்.

காரணம் உங்களுக்கே தெரியும். மூன்று மாதமாகச் சம்பளம் போட்ட மறுநாள் ஒரு வேன் வந்து மேட்டு லயத்தடியிலே நிற்கிறது. ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறார்கள். "நரம்பு அடைப்பை மின்சாரத்தால் எடுக்கும் பெட்டி, ஒரு மாதத்தில் இடுப்பு வலி போகும், ஒப்பரேஷன் தேவையில்லை, தவணையிலே கட்டலாம்" என்று சொல்கிறார்கள். நம்முடைய பிரிவிலே மட்டும் எட்டுக் குடும்பம் வாங்கியிருக்கிறது. ஒரு தாய் தோட்டை அடகு வைத்து முதல் தவணை கட்டியிருக்கிறா. கட்டி இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "ஐயா, பெட்டி போட்டா நல்லாத்தான் இருக்கு, எடுத்தா மறுபடி வலிக்குது. எனக்குத்தான் போடத் தெரியலியா?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதைத் தேடிப் படித்தேன். நான் வைத்தியன் அல்ல. படித்ததையும், நம்முடைய வைத்திய உதவியாளரிடமும் ஆஸ்பத்திரி பிசியோதெரபிக்காரரிடமும் கேட்டதையும் சொல்கிறேன்.

முதலிலே ஒரு சொல். நான் பிறந்தது நெடுந்தீவிலே. அங்கே இந்த வலியை "நாரி நோ" என்போம். நாரி என்றால் இடுப்புக்குப் பின்பக்கம், முதுகு முடிகிற இடம். இங்கே வந்த புதிதிலே "நாரி நோகுதா அம்மா?" என்று நான் கேட்க, ஒரு பாட்டி, "நாரிலே என்னய்யா, கயித்துலதான் நோவுது, தலையிலே கட்டி இழுக்குறோமே" என்று சொல்லிச் சிரித்தா. சொல் வேறாக இருந்தாலும் நோ ஒன்றுதான். தீவிலே பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்குத் தூரம் நடந்து, குடத்தை இடுப்பிலே வைத்து வருவார்கள். ஆம்பிளைகள் குனிந்து வலை இழுப்பார்கள், வேலி மதிலுக்குக் கடற்கல் தூக்குவார்கள். இங்கே செங்குத்தான மலையிலே ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து, ஈரக் கொழுந்தை முதுகிலே சுமந்து மணிக்கணக்காய் நிற்கிறீர்கள். ஆம்பிளைகள் கவ்வாத்து வெட்டுகிறார்கள், கான் வெட்டுகிறார்கள், உரமூட்டை தூக்குகிறார்கள்.

உலகம் முழுவதும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050இல் அது 84 கோடியைத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதிலே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு "இந்த எலும்பு, இந்த நரம்பு" என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. அதற்காக வலி பொய் என்று அர்த்தம் இல்லை. தசையும் மூட்டும் நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்குகிற வலி அது. மூன்று மாதத்துக்கு மேலே நீடித்தால் நாட்பட்ட வலி என்கிறார்கள். வேனிலே சொன்ன "நரம்பு அடைப்பு" என்பது இந்தக் கதையிலே எங்கேயும் இல்லை. நரம்பு, தண்ணீர்க் குழாய் இல்லை. அடைக்கவும் அடைப்பெடுக்கவும் அங்கே ஒன்றும் கிடையாது.

அப்படியானால் மின்சாரத்தாலே நோவைக் குறைப்பது முழுப் பொய்யா? இல்லை. அதிலே உண்மை இருக்கிறது, அதுவும் பழைய உண்மை.

ரோமாபுரியிலே கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்திலே, ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பு, ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். கால் வாத நோக்காரருக்கு அவர் எழுதிய வைத்தியம் இது: கடற்கரையிலே ஈர மணலில் நின்றுகொண்டு, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலுக்கடியிலே வைக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் விறைத்துப் போகும் வரை நிற்க வேண்டும். எங்கட கடலிலேயும் மின்திருக்கை உண்டு. வலையிலே பட்டதைத் தெரியாமல் தொட்டவருக்குக் கை சட்டென்று விறைக்கும். நீங்கள் "மரத்துப் போச்சு" என்பதைத்தான் நாங்கள் "விறைச்சுப் போச்சு" என்போம். பற்றரியும் வயரும் வரமுன்னரே மனிதன் மீனிடமிருந்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டான்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 1965இல்தான் வந்தது. றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைச் சொன்னார்கள். அதற்குப் "படலைக் கொள்கை" என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். படலை என்றால் எங்கட ஊரிலே வளவு வாசல் கதவு. முதுகெலும்புக் குழாய்க்குள்ளே முண்ணாண் என்ற பெரிய நரம்புக் கயிறு மூளை வரைக்கும் போகிறது. நோவுச் செய்தி மெல்லிய நரம்புகள் வழியாக முண்ணாணுக்கு வருகிறது. தொடுகை, தடவல், அதிர்வு ஆகியவை தடித்த நரம்புகள் வழியாக வருகின்றன. முண்ணாணுக்குள்ளே நுழைகிற இடத்திலே ஒரு படலை இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். தடித்த நரம்பிலே செய்தி நிறைய வந்தால் படலை பாதி சாத்திக்கொள்ளும். நோவுச் செய்தி குறைவாகத்தான் மேலே போகும்.

இது உங்களுக்குப் புதிதா? முழங்கால் கல்லிலே இடித்தால் உடனே என்ன செய்கிறீர்கள்? கையாலே தேய்க்கிறீர்கள். பிள்ளை விழுந்தால் தடவி விடுகிறீர்கள். தடவுவது தடித்த நரம்பைத் தூண்டுகிறது. மின்சாரப் பெட்டி செய்வதும் அந்தத் தடவலைத்தான், கை ஓயாமல்.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு வைத்தியத்திலே "டென்ஸ்" என்று பெயர். தோலுக்கு மேலாக நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது என்பது பொருள். சின்ன வானொலி அளவிலே இருக்கும். உண்மையான டென்ஸ் பெட்டி பற்றரியிலே வேலை செய்யும். இரண்டு அல்லது நான்கு ஒட்டுத் துண்டுகள் வயரிலே தொங்கும். நோகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டி, குமிழைத் திருப்பினால் எறும்பு ஊருவதுபோல இருக்கும். செக்கனுக்கு 80, 100 தடவை தட்டுகிற மாதிரி வைப்பது ஒரு முறை. இரண்டு, நாலு தடவை மட்டும் பலமாய்த் தட்டுவது இன்னொரு முறை. எரியவோ குத்தவோ கூடாது. அரை மணித்தியாலம் போடச் சொல்வார்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். போட்டால் நல்லாயிருக்கு, எடுத்தால் வலிக்குது. அம்மா, நீங்கள் போட்டதிலே பிழை இல்லை. அந்தப் பெட்டியின் குணமே அதுதான். தடவுகிற கை நின்றால் படலை திறந்துகொள்ளும். சிலருக்கு எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுகம் நிற்கும், பலருக்கு நிற்காது.

சுகமும் பெட்டியாலேதானா, நம்பிக்கையாலேயா என்று பார்க்க ஒரு நல்ல பரிசோதனை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே றிச்சர்ட் டேயோ என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர் 145 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு உண்மையான பெட்டி. சிலருக்கு அதேபோல இருக்கிற, ஆனால் மின்சாரம் வராத பெட்டி. இரண்டு பக்கத்திலும் பாதிப் பேருக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு கிழமை நடந்தது. 1990இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மைப் பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் பயிற்சியை விட்டுவிட்டார்கள். கிடைத்த சுகமும் போய்விட்டது. எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முழுக் கட்டுரையிலும் பெரிசாய்ப் பட்டது. அமெரிக்காக்காரனும் நம்மைப் போலத்தான், சொன்னதை ஒரு மாதம் செய்வான், பிறகு விட்டுவிடுவான்.

அதற்குப் பிறகும் பல பரிசோதனைகள் வந்தன. இங்கிலாந்தின் அரச வழிகாட்டி நிறுவனமான நைஸ், 2016இல், இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று தன் வைத்தியர்களுக்குச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரிலே நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று முதல் தடவையாக வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் வழமையான சிகிச்சையாக டென்ஸ் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. காரணம், பெட்டி ஆளைக் கொல்லும் என்பதல்ல. பலன் சிறியது, நிச்சயம் இல்லாதது, அதற்குக் காசு செலவழிப்பது நியாயம் இல்லை என்பதுதான்.

இங்கே என் பெரியம்மாவின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அது மற்றப் பக்கத்தையும் காட்டுகிறது. அவ நெடுந்தீவிலேயே இருக்கிறா. பிரான்சிலே இருக்கிற மகன் ஒரு டென்ஸ் பெட்டி அனுப்பினான். அவவுக்கு நாரி நோ பத்து வருஷமாக. தீவிலிருந்து பிசியோதெரபிக்குப் போவதென்றால் சும்மா வேலை இல்லை. விடியப் படகு ஏறி, ஒரு மணித்தியாலம் அலையிலே ஆடிக் குறிகாட்டுவானிலே இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலே புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். போய்வந்த நாரிக்கு, போனபோது இருந்ததைவிடக் கூட நோகும். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. அப்படிப்பட்ட இடத்திலே ஒரு பெட்டி வீட்டிலேயே இருப்பது பெரிய விஷயம்.

அவ என்ன செய்தா என்றால், பெட்டியை நோவு தீர்க்கிற மருந்தாக நினைக்கவில்லை. காலையிலே எழும்பியவுடன் நாரி இறுகிப் பலகைபோல இருக்கும். அப்போது அரை மணித்தியாலம் பெட்டியைப் போடுவா. கொஞ்சம் இளகினவுடன் கழற்றி வைத்துவிட்டு, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலே ஒரே ஒரு தடவை காட்டிக்கொடுத்த பயிற்சியைச் செய்வா. பிறகு கோயில் வரைக்கும் நடந்து வருவா. ஒரு வருஷத்திலே பெட்டி பழுதாகிவிட்டது. கடற்காற்றுக்கு எந்த மெஷின்தான் நிற்கும்? பயிற்சியும் நடையும் நிற்கவில்லை. இப்போது கேட்டால், "பெட்டி இல்லாமலும் அவ்வளவுதான் நோகுது மோனை" என்கிறா. பெட்டியை ஓசியிலே கிடைத்த கைத்தடி மாதிரிப் பாவித்தா. கைத்தடிக்காகத் தோடு அடகு வைக்கவில்லை.

இனி பெரிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. சிலர் தொலைபேசியிலே படம் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ளுக்கு மெஷின் வைக்கிறாங்களாமே, கொழும்பிலே கேட்டுப் பாக்கலாமா, சென்னைக்குப் போகலாமா?" என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அது முண்ணாண் தூண்டல். முள்ளந்தண்டுக் குழாய்க்குள்ளே, முண்ணாணை மூடியிருக்கிற உறைக்கு வெளிப்புறம், மெல்லிய வயரை வைப்பார்கள். முதலிலே சில நாள் பரீட்சை. வெளியே பெட்டியை வைத்து, வலி குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால், பற்றரியோடு சேர்ந்த ஒரு சின்னக் கருவியைப் பிட்டத்திலோ வயிற்றிலோ தோலுக்கடியிலே வைத்துத் தைத்துவிடுவார்கள். நோர்மன் ஷீலி என்ற அமெரிக்க வைத்தியர் 1967இல், புற்றுநோய் வலியிலே துடித்த ஒருவருக்கு முதல் முதலாக இதை வைத்தார். பழைய டென்ஸ் பெட்டியும் இந்த வழியிலேதான் வளர்ந்தது.

இது யாருக்கு உதவலாம்? முதுகு ஒப்பரேஷன் செய்த பிறகும், கால் வழியாக நரம்பு நோவு இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. 2007இல் அப்படிப்பட்ட 100 பேரிலே செய்த ஒரு பரிசோதனையிலே, கருவி வைத்தவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கு ஆறு மாதத்திலே கால் நோ பாதியாகக் குறைந்தது. சாதாரண வைத்தியம் மட்டும் பெற்றவர்களிலே நூற்றுக்கு 9 பேருக்குத்தான் அப்படி. மறு வருஷம் நைஸ் நிறுவனமும், ஆறு மாதத்துக்கு மேலே நரம்பு நோவோடு இருந்து மற்ற வைத்தியம் பலிக்காதவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்றது. ஆனால் அந்த 100 பேருக்கும் தனக்குக் கருவி இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். அதனாலே நோர்வேயிலே ட்ரோண்ட்ஹைம் நகரத்து வைத்தியர்கள் வேறு விதமாய்ப் பார்த்தார்கள். 50 பேருக்குக் கருவி வைத்து, மூன்று மாதம் மின்சாரம், மூன்று மாதம் வெறும் கருவி என்று நோயாளிக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2022இல் வந்த முடிவு: இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2023இல், அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் குழுவும், இடுப்பு வலிக்கு இதனாலே பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் எழுதியது. வயர் இடம் மாறலாம், கிருமி தொற்றலாம், மறுபடி ஒப்பரேஷன் வேண்டியிருக்கலாம். பற்றரியைச் சில வருஷத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியிலே செலவு இலட்சக் கணக்கு. வெறும் இடுப்பு வலிக்காக இந்த வீட்டிலே யாரும் காணி வீடு, நகை நட்டை விற்று இதற்குப் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒப்பரேஷன் செய்தும் கால் இழுக்கிறவர் இருந்தால், அரச ஆஸ்பத்திரி விசேட வைத்தியரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

அப்படியானால் எதுதான் செய்கிறது? கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அதை வேனிலே ஏற்றி விற்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் ஆமென்று சொன்னவை இவை: வலியைப் பற்றிச் சரியான அறிவு, ஒழுங்கான பயிற்சி, கை வைத்தியமும் மசாஜும், மனப்பயத்தைக் குறைக்கிற ஆலோசனை, தேவைப்பட்டால் வைத்தியர் சொல்லுகிற வீக்கம் குறைக்கும் மாத்திரை. படுத்தே கிடக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாள் நிமிர முடியாவிட்டால் படுங்கள், பிறகு மெல்ல மெல்ல நடமாடுங்கள். நடந்தால் எலும்பு தேயும் என்பது பயம், உண்மை இல்லை. அவுஸ்திரேலியாவிலே 701 பேரிலே செய்த பரிசோதனை 2024இல் வெளிவந்தது. இடுப்பு வலி வந்து தேறியவர்களிலே, நடைக்கு ஒழுங்கு வகுத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மறுபடி வலி வர நடுத்தரக் கணக்கிலே 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். காசு செலவில்லாமல் மூன்று மாதம் வாங்கியிருக்கிறார்கள்.

"ஐயா, நாங்க நாள் முழுக்க மலையிலதானே நடக்குறோம்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நியாயம். ஆனால் சுமையோடு குனிந்து ஏறுவது வேறு, வெறும் கையாலே நிமிர்ந்து நடப்பது வேறு. இரண்டு பயிற்சி மட்டும் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையிலே வையுங்கள். வயிற்றை உள்ளே இழுத்து நாரியைத் தரையோடு அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள், பத்துத் தடவை. இரண்டாவது, கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்து, பிறகு மெல்லக் கீழே விடுங்கள். மலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்து குளித்த பிறகு ஒரு தடவை. தண்ணீர் வாளி, மூட்டை எதுவானாலும் முழங்காலை மடித்து உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

மேலிடத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகை அவர்கள் கைக்கும் போகிறது. மழை நாளிலே நனைந்த கொழுந்தும் நனைந்த சாக்கும் சேர்ந்தால் பாரம் இரட்டிப்பு. நிறுவை இடம் தூரமாக இருந்தால் அந்தப் பாரத்தோடு மலை முழுக்க நடக்க வேண்டும். நாளைக்கு ஒரு தடவை கூடுதலாக நிறுத்தால், பெட்டி வாங்குகிற குடும்பம் குறையும். இடுப்பு வலியிலே நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்டால், அவள் அடுத்த நாள் வலியை மறைத்துக்கொண்டு மலைக்குப் போவாள். நோ அங்கேதான் நாட்படுகிறது. இதை நான் கூட்டத்திலேயும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்கள் கவனமாய்க் கேளுங்கள். வேனிலே விற்ற பெட்டிகளிலே இரண்டை நான் பார்த்தேன். ஒன்று பற்றரி, மற்றது சுவர் பிளக்கிலே சொருகுவது. நம்முடைய வீட்டு மின்சாரம் 230 வோல்ட். லயத்து வயரிங் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பிளக்கிலே சொருகி உடம்பிலே ஒட்டுகிற எந்தப் பெட்டியையும் பாவிக்கவே வேண்டாம். என்னிடம் கொண்டுவாருங்கள், திருப்பிக் கொடுக்கப் பேசிப் பார்ப்போம். யாராவது வீட்டிலே வயரை வெட்டித் தாங்களே செய்து பார்த்தால் அது வைத்தியம் இல்லை, சாவு.

பற்றரிப் பெட்டியானாலும், நெஞ்சிலே இதயக் கருவி வைத்தவர் போடக்கூடாது. பிள்ளைத்தாய்மார் வயிற்றிலும் இடுப்பிலும் போடக்கூடாது. வலிப்பு உள்ளவர், புற்றுநோய்க்கு வைத்தியம் எடுப்பவர் வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, கண், புண்ணான தோல், உணர்ச்சி இல்லாத இடம் எதிலும் ஒட்டக்கூடாது. சீனி வருத்தத்தாலே தோல் மரத்தவருக்கு எரிவதே தெரியாது, தோல் வெந்துவிடும். ஈரக் கையோடு, நித்திரை கொள்ளும்போது, கத்தி பிடித்துக் கவ்வாத்து வெட்டும்போது போடாதீர்கள்.

இனி மிக முக்கியமானது. சில இடுப்பு வலி, பெட்டிக்கும் பயிற்சிக்கும் காத்திருக்காது. சிறுநீர் போகாமல் அடைத்தால் அல்லது தெரியாமலே போனால், மலவாசலைச் சுற்றியும் தொடை உட்பக்கமும் மரத்துப் போனால், இரண்டு காலும் பலம் குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரவு என்றும் பார்க்காதீர்கள், தோட்டத்து லொறியைக் கேளுங்கள், நான் வருகிறேன். பிந்தினால் காலும் சிறுநீரும் திரும்பி வராமல் போகலாம். காய்ச்சலோடு வலி, நிறை குறைந்துகொண்டே போவது, இரவிலே படுத்தும் தணியாத வலி, விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் வந்தவருக்கு வந்த புது வலி, இவற்றையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முள்ளந்தண்டிலேயும் காசநோய் வரும்.

பேச்சு முடிந்த பிறகு கேட்கப்பட்ட சில கேள்விகளையும் இங்கே சேர்க்கிறேன்.

"இடுப்புக்குப் பட்டி கட்டலாமா?" என்று ஓர் ஐயா கேட்டார். உலக சுகாதார நிறுவனம் அதையும் வழமையாகக் கட்ட வேண்டாம் என்கிறது.

"எண்ணெய் தேய்ச்சு முதுகிலே பிள்ளைய ஏறி மிதிக்கச் சொல்றது?" எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பது நல்லது. மிதிப்பதை விடுங்கள், வயதானவர் எலும்புக்கு அது ஆபத்து.

"பனடோல் போட்டுக்கிட்டே வேலைக்குப் போறேன்." நாட்பட்ட இடுப்பு வலிக்கு அது பெரிசாய் உதவுவதாகக் காணவில்லை. தினமும் கூட்டிக் கூட்டிப் போட்டால் ஈரல் கெடும். கடையிலே பெயர் தெரியாத வலி மாத்திரை வாங்கிப் போடுவது அதைவிட மோசம், குடலும் சிறுநீரகமும் பாதிக்கும்.

ஒரு தாய் கூட்டத்திலே கேட்காமல், எல்லோரும் போன பிறகு மெதுவாய்க் கேட்டா. "ஐயா, இடுப்பு வலியோட கீழே ஏதோ இறங்குற மாதிரி இருக்கு. இதை யாருகிட்ட சொல்றது?" பெயர் போடாமல் இதை எழுத அவவே சம்மதித்தா. பல பிள்ளை பெற்று, பாரம் சுமந்த பெண்களுக்குக் கருப்பை இறங்குவது உண்டு. அந்த வலிக்கு எந்தப் பெட்டியும் மருந்தாகாது, ஆனால் வைத்தியம் இருக்கிறது. வெட்கப்படாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடகு வைத்த தோட்டைப் பற்றியும் கேட்டார்கள். தவணைத் துண்டு, ரசீது எது இருந்தாலும் எட்டுக் குடும்பமும் என்னிடம் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறைப்பாடாக நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதலாம். அடுத்த சம்பளத்துக்கு வேன் வருமுன் எழுதி முடிக்க வேண்டும். பிசியோதெரபி கிளினிக்குக்குப் போக விரும்புகிறவர்கள் டிஸ்பென்சரியிலே பெயர் கொடுங்கள். வைத்திய உதவியாளர் கடிதம் தருவார். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு வாகனம் கேட்கலாம். பழைய எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, கிளினிக் கொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்டியையும் கொண்டுவாருங்கள், பிசியோதெரபிக்காரர் பார்த்துச் சொல்வார்.